கோட்டுக்கு வெளியே

தில்லியின் துவாரகா துணைநகருக்கு 2005-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று மெட்ரோ இரயில் வந்தது. அதன்பின் எழும்பிய அடுக்ககங்களுள் ஒன்றில்தான் எங்கள் வாசம். மாடிப்படியில் எதிர்ப்படுவோரின் பெயரும் அறியாதிருந்த என்னை ஊராரோடு சேர்த்து வைத்தது, மகன் பயிலும் பள்ளியின் கால்பந்தாட்டமே.

அலுவலகமில்லாச் சனிக்கிழமைகளில், புல்லற்ற திடலின் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நிற்பேன். 'ஆஃப்சைடு' விதியில், பந்தை உதைக்கும் கணத்தில் நிற்குமிடமே கணக்கு என்று மணிப்பூர் அன்பர் ஒருவர் விளக்கினார். (இன்னும் எனக்கு ஐயந்தான்.) வங்காளத்து அம்மையார் எல்லாப் பிள்ளைகளுக்கும் எலுமிச்சைச் சாறு தருவார். மகன் கோல்கீப்பர். பந்து வருகையில் என்னையறியாமல் 'பிடிடா!' என்று தமிழிலேயே கூவிவிடுவேன். நாளடைவில் மணிப்பூர் அன்பரும் 'பிடிடா!' என்றே கூவலானார்.

1960-இல் தொடங்கிய சுப்ரதோ கோப்பைப் போட்டியில் பள்ளிக்காக ஆடவேண்டுமென்பது மகனின் கனவு. சென்னைக்கு மாற்றல் வேண்டுமென்பது என் கனவு, ஏழாண்டுகள் விண்ணப்பித்தேன். சென்ற வெள்ளியன்று உத்தரவு கிடைத்தது. மறுநாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஆட்டம் பார்த்தேன்.

முழங்காலெல்லாம் புழுதியோடு ஓடி வந்தான்.

"அடுத்த சனிக்கிழமை ரோகிணியில ஆட்டம். வருவீங்களாப்பா?"

"வரேன்டா" என்றேன்.