ரஹீம் வாத்தியார்

ஹைதராபாத் ரஹீம் சாரைத் தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து கால்பந்துப் பயிற்சியாளர் ஆனவர். 1951-ல் டில்லியில் ஆசியத் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு நாலாவது இடம்! "பந்து உதைச்சா சோறு கிடைக்குமா?" என்று நடவு வயலில் நின்றபடி கேட்கும் எங்கப்பாவுக்கு நான் சொல்வது இவர் கதையைத்தான்.

அதிலும் 1962 ஜகார்த்தா. டிபென்டர் ஜர்னைல் சிங்குக்கு மண்டையில் அடி, தையல். வேறொரு கோச் என்றால் உட்கார வைத்திருப்பார். ரஹீம் சாரோ அவரை முன்வரிசைக்கே அனுப்பிவிட்டார். என்ன துணிச்சல், பாருங்கள்! பைனலில் தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்தோம். ஒரு கோல் பி.கே. பானர்ஜி, மற்றது அதே ஜர்னைல்.

1963 ஜூனில் புற்றுநோய் ரஹீம் சாரைக் கொண்டுபோய்விட்டது. கால்பந்தில் அடுத்த ஆசியத் தங்கம் இன்னும் வரவில்லை.