எள்ளளவு வந்தேறி

'பெண்டாத்தாங்' என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் ஒரு பூச்சியைக்கூட யாராவது 'வந்தேறி' என்று சொன்னால் காது தானாக நிமிர்ந்துவிடும்.

பெர்த்தில் இருக்கும் அக்கா வீட்டுக் கொல்லையில் நின்ற மேப்பிள் மரத்தை 2024இல் வெட்டிவிட்டார்கள். தண்டு முழுக்கப் பேனா முனை அளவில் ஓட்டைகள். "உங்க ஊர்ப் பக்கத்து வண்டாமே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தாராம். "என்னத்தடா பதில் சொல்றது?" என்று போனில் கேட்டாள்.

அவர் சொன்னது உண்மைதான். ஷாட் ஹோல் போரர் எனப்படும் இந்த வண்டு தென்கிழக்காசியாவைச் சேர்ந்தது. நீளம் 2 மில்லிமீட்டர், எள்ளு மாதிரி. மரத்தைக் குடைகிறதே தவிர, மரத்தைத் தின்பதில்லை. பெண் வண்டு வாயருகே உள்ள சிறு பைகளில் பூஞ்சையைச் சுமந்து வந்து, குடைந்த சுரங்கத்தின் சுவரில் பயிரிடுகிறது. புழுக்களுக்கு அதுதான் சாப்பாடு. அந்தப் பூஞ்சையே மரத்துக்குள் நீர் ஏறும் பாதையை அடைத்துக் கிளைகளைக் காயவைக்கிறது. கூட்டுக்குள்ளேயே உடன்பிறந்த ஆணோடு இணைசேர்ந்துவிடும் என்பதால், புது ஊரில் ஒரு குடும்பம் உருவாக ஒரே ஒரு பெண் வண்டு போதும்.

கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் அவகாடோ மரங்களைப் பிடித்தது. 2017இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டுபிடித்தார்கள். 1860 முதல் நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே நட்டால் பகுதி! பெர்த்தில், 2021 ஆகஸ்டில், ஈஸ்ட் ஃப்ரீமாண்டிலின் ஒரு மேப்பிளில் முதலில் தெரிந்தது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டியும் தீரவில்லை. முழுசாக ஒழிக்க முடியாது என்று 2025இல் அறிவித்துவிட்டார்கள்.

மரம் செத்தது நிஜம். வெட்டியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எள்ளளவு வண்டு கடல் தாண்டிப் பறக்காது. பதப்படுத்தாத மரப்பெட்டியிலோ, விற்பனைக்குப் போகும் செடியிலோ, யாரோ ஏற்றி அனுப்பினால்தான் போகும். 'வந்தேறி' என்னும்போது, ஏற்றி அனுப்பியவர் பேச்சிலிருந்தே காணாமல் போய்விடுகிறார். நட்டாலுக்கும் மலாயாவுக்கும் ஆள் ஏற்றிய தோட்ட முதலாளிகளும் அப்படித்தான் காணாமல் போனார்கள். கூலிகளின் பேரப்பிள்ளைகளிடம்தான் இன்னமும் 'எப்போ வந்தீங்க?' என்று கேட்கிறார்கள்.

பெர்த்தின் தடைவிதி இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது: பாதித்த பகுதியிலிருந்து விறகையும் வெட்டிய கிளைகளையும் வெளியே கொண்டுபோகாதே என்கிறது. அது மனிதர்களைப் பார்த்துச் சொன்னது.