தஞ்சாவூர் ஓவியத்துக்கு வார்னிஷ் அடிக்கலாமா?

தஞ்சாவூர் அரண்மனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால், ஓவியக் கடைகளில் நவநீத கிருஷ்ணரும் கஜலட்சுமியும் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகிறார்கள். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் விலை கேட்கிறார்கள், தங்கம் அசல்தானா என்று கேட்கிறார்கள். படத்துக்கு மேலே என்ன பூசியிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தங்கத்தைப் பற்றிய பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பழைய பெயர் பலகைப் படம். மராட்டியர் ஆண்ட 1676 முதல் 1855 வரையிலான காலத்தில் செழித்த கலை இது. அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில் பழைய படங்களைப் பார்க்கலாம். 2007-08-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்று பலா, தேக்குப் பலகை. இன்று பெரும்பாலும் பிளைவுட். பலகையில் துணி ஒட்டி, சாக் பவுடரும் பசையும் கலந்து பூசித் தேய்க்கிறார்கள். நகையும் தூணும் புடைத்துத் தெரிய மக்கு வேலை, கல் பதிப்பு, அதன்மேல் தங்க ரேக்கு, கடைசியாக வண்ணம்.

இன்று இதற்கான கிட் வாங்கி வீட்டிலேயே வரைகிறவர்கள் ஏராளம். பல வாரம் உட்கார்ந்து படத்தை முடித்த பிறகு, எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்றுதான்: மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்தால் பளபளவென்று இருக்குமே!

அசல் தங்க ரேக்குக்கு அது தேவையே இல்லை. தங்கம் கறுக்காது. மேலே ஏதாவது பூசினால் அந்த மென்மையான மினுமினுப்பு போய், பிளாஸ்டிக் மாதிரியான ஒரு பளபளப்புதான் மிஞ்சும். இமிடேஷன் ரேக்கின் கதை வேறு. அது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றிலுள்ள ஈரம் பட்டால் நாளடைவில் மங்கும், கறுக்கும், சில இடங்களில் பச்சை பிடிக்கும். அதற்குக் கிளியர் கோட் கட்டாயம். ஆகவே தங்கம் அசல் என்று சொல்லும் படத்தில், தங்கத்தின் மேலேயே கெட்டியாக வார்னிஷ் பளபளத்தால் ஏன் என்று கேட்பதில் தப்பில்லை. அது மட்டுமே போலி என்பதற்கு ஆதாரமாகிவிடாது.

அமெரிக்காவில் பழைய பின்பால் விளையாட்டுப் பலகைகளை வீட்டிலேயே புதுப்பிக்கும் பிரியர்கள் உண்டு. அதுவும் வண்ணம் தீட்டிய பிளைவுட்தான். அதன்மேல் கார்களுக்கு அடிக்கும் கிளியர் கோட்டை அடிக்கிறார்கள். அங்கே இரும்புக் குண்டு நாள் முழுக்க ஓவியத்தின் மேல் உருள்கிறது. கெட்டியான கவசம் வேண்டும். நம் கிருஷ்ணர் மேல் எதுவும் உருளப்போவதில்லை.

வண்ணப் பகுதிக்குப் பூச நினைத்தாலும், முதலில் வண்ணம் எது என்று தெரிய வேண்டும். அக்ரிலிக் காய்ந்தால் தண்ணீரில் கரையாது. போஸ்டர் கலர் கரையும். தண்ணீரில் கலக்கும் வார்னிஷைப் பிரஷ்ஷால் இழுத்தால் கிருஷ்ணரின் நீலம் வெண்ணெய்ப் பானையில் ஏறிவிடும். ஓரத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றிப் பார்க்கலாம். பஞ்சில் நிறம் ஏறினால் பிரஷ் கூடாது; தள்ளி நின்று, மெல்லிய ஸ்பிரேயாக, ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகே அடுத்தது. முதலில் வேறொரு பலகையில் அடித்துப் பார்ப்பது நல்லது.

அதற்கும் டெல்டாவில் நாள் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஸ்பிரே அடித்தால், ஆவியாகும் திரவம் பரப்பைக் குளிரவைக்க, காற்றின் ஈரம் அங்கே படிந்து வெள்ளையாகப் பூக்கும். மார்கழியில் பனி. தை, மாசியில் சம்பா அறுவடை. வயலோர வீடுகளில் வைக்கோல் தூசு பறக்கும், ஈர வார்னிஷில் ஒட்டினால் எடுக்க முடியாது. பங்குனி வெயில்தான் தோது. அடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், பூஜை விளக்கு அணைந்திருக்கட்டும். அந்தப் புகை தீப்பற்றக்கூடியது.

தாத்தா காலத்துப் படத்தில் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். விளக்குப் புகை படிந்து கறுத்த படத்தை ஈரத் துணியால் துடைத்தால் அழுக்கோடு முகமும் வந்துவிடும். துடைக்காமல் மேலே வார்னிஷ் அடித்தால் கரி உள்ளேயே சிறைப்படும். வார்னிஷே சில ஆண்டுகளில் பழுக்கும். பிறகு அதை நீக்க முயன்றால் அடியிலுள்ள வண்ணமும் சேர்ந்து வரும். ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டும்வரை அப்படியே வைத்திருப்பதுதான் அந்தப் படத்துக்குச் செய்யும் மரியாதை.

பெரும்பாலான படங்களுக்குக் கண்ணாடி போதும். கண்ணாடி வண்ணத்தைத் தொடாமல் இடைவெளி விட்டு ஃபிரேம் போடச் சொல்ல வேண்டும். தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். முன்பக்கத்தைப் பற்றியே கவலைப்படுகிறவர்கள் பின்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். பிளைவுட்டின் வெறும் முதுகு வழியாக ஈரம் ஏறினால் பலகை வளையும், மக்கு விரிசல் விடும். வரைய ஆரம்பிக்கும் முன்பே பின்பக்கத்துக்கு ஒரு கோட் பெயின்ட் அடித்துவிடலாம். மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டி, ஃபிரேமின் நான்கு மூலையிலும் பின்னால் சிறு கார்க் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போய்வரும்.