யாழ் எப்படி ஒலிக்கும் டீச்சர்?



ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

25 வருடம் இருக்கும். நம்ம ஆரணியில் ஏழாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தில் யாழ் என்று ஒரு சொல் வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "யாழ் எப்படி ஒலிக்கும் டீச்சர்?" என்றான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "வீணை மாதிரிதான், உட்காருடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுக்க அவன் அப்புறம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

போன ஞாயிறு பேரன் போனில் ஒரு கச்சேரி காட்டினான். வியன்னாவில் ஹார்னன்கோர்ட் என்பவர் 1953இல் மனைவியோடும் நண்பர்களோடும் தொடங்கிய குழு. பாக் போன்றவர்களின் இசையை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிப்பார்கள். நாலு வருடம் பழகிவிட்டு 1957இல்தான் மேடை ஏறினார்களாம். பிழைப்புக்கு அவர் வேறொரு பெரிய குழுவில் செல்லோ வாசித்தார். வயலினுக்கு உலோகக் கம்பி கிடையாது, குடல் நரம்பு என்றான் பேரன். நரம்பு! யாழின் தந்திக்கும் நம் பழைய நூல்களில் அதுதானே பெயர். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அவர்களுக்காவது பழைய வாத்தியங்கள் மிஞ்சியிருந்தன. நமக்கு ஒரு யாழ்கூட மிஞ்சவில்லை. சிற்பமும் சிலப்பதிகார உரையும்தான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு யாழை மீட்கப் பார்த்தவர் விபுலானந்த அடிகள். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்தவர், நம்மைப் போல ஆசிரியப் பயிற்சி பெற்றவர், அறிவியல் பட்டதாரி. எந்த நரம்பு எவ்வளவு நீளம், எந்தச் சுரத்துக்கு என்ன விகிதம் என்று வருடக்கணக்கில் கணக்குப் போட்டார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அவர் கணக்குப்படி செய்த வாத்தியத்தை க.பொ.சிவானந்தம் வாசித்தார். அடுத்த மாதமே அடிகள் காலமானார். கேட்டுவிட்டுத்தான் போனார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வீணையில் ஒரே தந்தியில் பல சுரம் பிடிக்கலாம், மெட்டுகள் இருக்கின்றன. யாழில் மெட்டு இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பேரியாழுக்கு 21 நரம்பு என்றால் ஏன் அத்தனை என்று இப்போதுதான் புரிகிறது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், உரையைப் புரட்டியிருந்தால்.

சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் இப்போது யாழ் செய்து வாசிக்கிறார். பேரன் அதையும் போட்டுக் காட்டினான். வீணையின் குழைவு அதில் இல்லை. ஒவ்வொரு சுரமும் தனியாக நின்று, அடுத்தது வரும்வரை காத்திருக்கிறது.

அந்தப் பையன் இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறான். பெயர் போட மாட்டேன், அவனுக்குத் தெரியும். டேய், வீணை மாதிரி இல்லைடா. நைட் ஷிப்ட் இல்லாத ஒரு நாள் வீட்டுக்கு வா, போட்டுக் காட்டுகிறேன்.