பேரப்பிள்ளைகளுடன் ஒரு கடைத்தெரு உலா

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். பேத்திக்குப் பதினொரு வயது, பேரனுக்கு ஏழு. வந்த மறுநாளே பேரன் கேட்டான்: "தாத்தா, அருப்புக்கோட்டையில மால் இல்லையா?"

"இருக்குடா, நாளைக்குக் காட்டுறேன்" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் பூ மார்க்கெட்டுக்குப் போனோம். சாக்குகளில் மல்லிகை மொட்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மொட்டு விரிவதற்குள் விற்றாக வேண்டும், அதனால்தான் இத்தனை அவசரம் என்றேன். கோடையில் வரத்து அதிகம், விலை சல்லிசு. பனிக்காலத்தில் செடி அதிகம் பூக்காது. அந்த நேரம் முகூர்த்தமும் சேர்ந்துவிட்டால் விலையைக் கையில் பிடிக்க முடியாது. பேத்தி ஒரு வியாபாரியிடம், "நேத்து என்ன விலை, இன்னைக்கு என்ன விலை?" என்று கேட்டு விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கை பூவை அள்ளிக் கொடுத்தார்.

அடுத்து, தெரிந்தவர் ஒருவர் வீட்டில் கைத்தறி பார்க்கப் போனோம். என் அப்பாவும் நெசவாளிதான். என் சிறு வயதில் எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தறிச் சத்தம் கேட்கும். இப்போது காதில் விழுவதெல்லாம் விசைத்தறிதான். குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்த பேரனுக்கு, பாவுக்கு நடுவே நாடா ஓடியதும் ஒரே குதூகலம். நாலு இழை ஊடை அவன் ஓட்டியதுதான்!

பத்து மணிக்குத் திருச்சுழிக்குப் பஸ் ஏறினோம். பூமிநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, 1879-ல் ரமணர் பிறந்த வீட்டையும் பார்த்தோம். பிள்ளைகள் மனம் என்னவோ ரோட்டோரத்தில் நுங்கு வெட்டுகிறவரிடம்தான் இருந்தது. கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். சட்டையெல்லாம் நுங்குத் தண்ணீர். வெட்டிப் போட்ட இரண்டு கூந்தலை ஒரு குச்சியில் கோர்த்து, கவைக்கம்பு வைத்து வண்டி செய்து கொடுத்தேன். அறுபது வருஷத்துக்கு அப்புறமும் கைக்கு அது மறக்கவில்லை. பஸ் வரும்வரை பேரன் அந்தக் கரிசல் புழுதியில் வண்டி ஓட்டினான். மால் பேச்சே எடுக்கவில்லை.

சாயங்காலம் சேவுக்கடை. கடலைமாவைக் கண்கரண்டியில் வைத்துத் தேய்க்க, எண்ணெய்ச் சட்டியில் காராச்சேவு விழுந்து பொரிவதை இருவரும் வாய் பிளந்து பார்த்தார்கள். பக்கத்தில் கருப்பட்டிச் சீரணி. கூலி வாங்கும் நாளில் அப்பா இந்த இரண்டையும் பனையோலைக் கொட்டானில் வாங்கி வருவார். வாசலில் காத்திருப்போம். அந்த வாசல்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசல்.

நண்பர்களே, ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மகள் இந்த முறை வந்ததே வீட்டை விற்பது பற்றிப் பேசத்தான். அவள் அம்மா போனபிறகு நான் தனியாகக் கிடப்பது அவளுக்குக் கவலை. நானும் சரியென்றுதான் சொல்லியிருந்தேன். தரகர் ஆளும் கூட்டி வந்துவிட்டார்.

அன்று ராத்திரி சேவைக் கொறித்துக்கொண்டே பேத்தி கேட்டாள்: "வீட்டை வித்துட்டா, அடுத்த லீவுக்கு எங்க வந்து தங்குறது தாத்தா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் சேவுப் பொட்டலத்தைப் பார்த்தேன்.

மறுநாள் தரகரிடம், பொங்கல் கழியட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன். முழங்கால் வலிக்கும் ராத்திரிகளில், செய்தது சரிதானா என்று தோன்றத்தான் செய்கிறது.

உங்கள் பேரப்பிள்ளைகள் வந்தாலும் இப்படி ஒருநாள் கூட்டிப் போங்கள். வெயிலுக்கு முன் பூ மார்க்கெட், பொழுது சாய்ந்தபின் சேவுக்கடை. கையில் தண்ணீர் பாட்டிலும் மாற்றுச் சட்டையும் அவசியம். நுங்குக் கறை லேசில் போகாது.