நிலா வாட்ச்: பழசா, புதுசா?

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல் எனக்குப் பல வருஷக் கனவு. காசு சேர்ந்ததும் ஒரே குழப்பம். உள்ளே 1861 மெஷின் இருக்கிற பழைய மாடலா, 2021ல வந்த 3861 மாடலா? ஒரு டாக்டரா நான் எப்படி யோசிச்சேன்னு சொல்றேன் மக்களே.

1. முதல்ல நிலாவை ஒதுக்கி வச்சேன். 1969ல ஆல்ட்ரின் கட்டியிருந்த ஸ்பீட்மாஸ்டருக்குள்ள ஓடினது 321 மெஷின். இந்த ரெண்டுமே அது இல்லை.

2. துல்லியம். புதுசு ஒரு நாளைக்கு 0 முதல் +5 நொடிக்குள்ள ஓடணும்னு சோதிச்சு வருது. பழசுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. சரி, நாளைக்கு 10 நொடி பிசகுதுன்னே வச்சுக்குவோம். ஒரு நிமிஷம் நாடி பார்க்கும்போது, அது ஒரு நொடியில நூத்துல ஒரு பங்குகூட வராது. நோயாளிக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

3. காந்தம். பழசுல காந்தம் ஏறினா ஹேர்ஸ்ப்ரிங் சுருள்கள் ஒட்டிக்கிட்டு வாட்ச் வேகமா ஓடும். அதை நீக்கறது சில நிமிஷ வேலை. புதுசு 15,000 காஸ் வரை தாங்கும். அதாவது 1.5 டெஸ்லா, பல எம்ஆர்ஐ மெஷின்களோட பலம்!

4. இங்கதான் கொஞ்சம் கவனிங்க. "15,000 காஸ் தாங்குமே"ன்னு அந்த வாட்சோட எம்ஆர்ஐ அறைக்குள்ள போயிடாதீங்க. ஸ்கேன் ஓடாதப்பவும் அந்தக் காந்தம் வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். 3 டெஸ்லா மெஷின்களும் உண்டு. ஆக்சிஜன் சிலிண்டரையே பறக்கவிடற சக்தி அது. படுக்கிறவருக்கு மட்டுமில்லை, துணைக்குப் போறவருக்கும் இதே விதிதான். வாட்ச், சாவி, ஹேர்பின் எல்லாமே வெளியில.

5. ரிப்பேர். 1861, 1968ல வந்த 861ஓட வாரிசு. கைதேர்ந்த பழைய மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான மெஷின். 3861ல இருக்கிற கோ-ஆக்சியல் அமைப்புக்குப் பெரும்பாலும் கம்பெனி சர்வீஸைத்தான் நம்பணும்.

நான் பழசையே எடுத்தேன். எம்ஆர்ஐ வாசல்ல எந்த வாட்சா இருந்தாலும் கழட்டித்தான் ஆகணும். ஆனா நாளைக்கு இது என் பொண்ணு கைக்குப் போகும்போது, திறந்து பார்த்து சரிபண்ண ஆள் கிடைக்கணும். அதுதான் எனக்கு முக்கியமாப் பட்டது.

நாள் முழுக்க ஸ்பீக்கர், மோட்டார் பக்கத்துல வேலை செய்யறவங்களா? நேரம் வைக்கும்போது நொடி முள் நிக்கணுமா? தயங்காம புதுசை எடுங்க. எதுவா இருந்தாலும் தினமும் காலையில சாவி கொடுக்க மறந்துடாதீங்க. ரெண்டுமே ஆட்டோமேட்டிக் இல்லை!