65 வயதும் 65 அடியும்

ஊருக்குப் போனால் "இன்னும் படிச்சு முடியேல்லையோ?" என்றுதான் கேட்பினம். 22 வயதிலேயே பிந்திப்போன மாதிரி இருக்கும். அதனாலதான் ஜப்பானின் சீனியர் கோல்ஃப் எனக்குப் பிடிச்சிருக்கு. அங்கே 50 வயதானால்தான் ஆடவே விடுவினம்.

இசாவோ அவோக்கி 1994 முதல் 1997 வரை ஜப்பான் சீனியர் ஓப்பனைத் தொடர்ந்து நாலு தரம் வென்றவர். ஐந்தாவது வெற்றி வர பத்து வருஷம் எடுத்தது. 2007இல், 65 வயதில், கடைசி நாள் 18 குழிகளையும் 65 அடிகளில் முடித்து வென்றார்.

கோல்ஃபில் அடி குறைந்தவருக்கே வெற்றி. தன் வயதளவு அடிகளில் ஆட்டத்தை முடிப்பதை 'ஏஜ் ஷூட்' என்பார்கள். 22 வயதில் எந்தச் சாம்பியனாலும் அது ஏலாது. வயது ஏற ஏற இலக்குக் கிட்ட வரும், ஆனால் உடம்பு தளரும். ரெண்டும் சந்திக்கும் வரைக்கும் அவோக்கி விளையாட்டை விடேல்லை.